கண்டறிதலும் காரணங் காட்டலும்

கணினியியற் கோட்பாட்டாராய்ச்சி இனி இயந்திரத்தின் பாற்பட்டதே என்பாரும், இயந்திரம் புதியதொன்றைக் காணவல்லதன்று என்பாரும் இன்று உளர். இவ்விரு கூற்றும் எத்துணைப் பொருந்துமென்பதைத் தாயப் பெருக்கல் என்னும் ஒரு பொருள்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2×2 தாயங்கள் இரண்டைப் பெருக்குதற்கு வழக்கமான முறையில் எட்டுப் பெருக்கல்கள் வேண்டும். ஏழே போதுமென ஜேர்மனிய அறிஞர் ஸ்ட்ராசன் 1969 இல் காட்டினார். அம்முறையை இருகால் அடுக்கின், 4×4 தாயங்களுக்கு 49 பெருக்கல்கள் ஆகும். 2022 இல் டீப்மைண்ட் நிறுவனத்தாரின் அல்பாடென்சர் என்னும் செயற்கை நுண்ணறிவு, 0, 1 என்னும் ஈரெண்களால் மட்டும் நிகழும் கணிப்பில் அத்தொகையை 47 ஆகக் குறைத்தது. 2025 இல் அவர்தம் அல்பாஎவோல்வ், சிக்கலெண்களுக்கு 48 பெருக்கல்களில் அமைந்த வழியைத் தந்தது. ஆதலின், இயந்திரம் புதியது காணாதென்னும் கூற்று நில்லாது.

எனினும், இவ்வெற்றியின் இயல்பை நோக்குதல் வேண்டும். பெருக்கல் வழியொன்று சரியோ பிழையோ என்பதை விரித்துப் பார்த்து எளிதில் அறியலாம்; தேடற்பரப்போ மிகப் பெரிது. தேடல் அரிதாய்ச் சரிபார்த்தல் எளிதாயுள்ள இடமே இயந்திரத்துக்கு உகந்த களமாம். ஆயின், 2×2 தாயங்களுக்கு ஆறு பெருக்கல்கள் போதா என 1971 இல் வினோகிராட் நிறுவினார். ஒரு வழி உண்டெனக் காட்டுதல் வேறு. எவ்வழியும் இல்லையெனக் காட்டுதல் வேறு. பின்னதற்கு எடுத்துக்காட்டு உதவாது, காரணமே வேண்டும். அவ்வாண்டிலேயே குக் எழுப்பிய, எளிதிற் சரிபார்க்கத்தக்கன யாவும் எளிதில் தீர்க்கவுந் தக்கனவோ என்னும் பெருவினா இன்றும் விடையின்றி நிற்கின்றது. விடை இல்லையென்பதே எனப் பலர் கருதினும், நிறுவினார் எவருமிலர்.

நாளை இயந்திரம் இத்தகைய நிறுவல்களையும் எழுதலாம். லீன் போன்ற நிறுவல் சரிபார்ப்பு மென்பொருள்கள் அவற்றின் பிழையின்மையை உறுதிசெய்யலாம். ஆயினும், பிழையின்மை வேறு, விளக்கம் வேறு. நான்கு நிறத் தேற்றத்தை 1976 இல் அப்பலும் ஹேக்கனும் கணினித் துணையால் நிறுவியபோது எழுந்த வினாவும் இதுவே.

மாணவர்க்கு இதில் ஓர் இடருண்டு. சிறு துணைத் தேற்றங்களைத் தாமே நிறுவிப் பழகியே ஆராய்ச்சியாளர் உருவாகின்றனர். அப்பயிற்சியை இயந்திரத்திடம் ஒப்படைப்போமாயின், அது தருவதை மதிப்பிடும் ஆற்றலையும் உடனிழப்போம். அல்பாடென்சர் 5×5 தாயங்களுக்கு ஈரெண் கணிப்பில் 96 பெருக்கல்கள் தந்தபின், அதனை 95 ஆக்கியோர் கவுவர்ஸ், மூஸ்பவர் என்னும் இருவர். தாமும் அத்துறையில் உழைத்துப் பழகியோராதலின் அது அவர்க்குக் கைகூடிற்று. இயந்திரத்தின் விடையை முடிவாகக் கொள்ளாது தொடக்கமாகக் கொள்வார்க்கே அதனாற் பயன் விளையும்.