கணக்கு முடித்து அனுப்பும் கலை

2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் நடந்த தன் கடைசி ஆட்டத்தில், குந்தரின் கை கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்க, ஜான் சீனா லேசாகச் சிரித்துவிட்டுக் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுக்காதே என்பதையே சட்டையிலும் தொப்பியிலும் அச்சடித்து விற்ற மனிதர் அவர். அரங்கம் கூச்சல் போட்டது. அதன் பிறகு ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 17 முறை உலகப் பட்டம் வென்றவரை அனுப்பும் லட்சணமா இது என்கிறது ஒரு கட்சி. போகிறவர் தோற்று, இருக்கிறவரை உயர்த்திவிட்டுப் போவதுதான் இந்தத் தொழிலின் மரபு, அதைக் கடைப்பிடித்ததுதான் சீனாவின் பெருமை என்கிறது மற்றது. ரேங்க், உயரம், எடை, பைசெப்ஸ் என்று டிரம்ப் கார்டில் இவர்களை மனப்பாடம் செய்து வளர்ந்த நம் ஊர்த் தலைமுறையும் இந்த வழக்கில் ஆஜராகிவிட்டது. இரண்டாவது கட்சிதான் இப்போது ஓங்கியிருக்கிறது. வயதான வீரர் தன் தொழில் வாழ்க்கையையே பணயம் வைத்து ஆடும் தீர்மான ஆட்டம் தொழில்முறை மல்யுத்தத்தின் உச்சக் கலை என்று அது ஒரு கோட்பாடே வகுத்துவிட்டது. அந்தக் கோட்பாட்டோடுதான் எனக்குச் சண்டை.

‘எல்லாம் செட்டப்பு’ என்ற பழைய குற்றச்சாட்டை நான் எடுக்கப்போவதில்லை. திருவேங்கடம் என்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கழுகுமலைக்குச் சூரசம்ஹாரம் பார்க்கப் போகிறார்கள். சூரன் ஜெயித்துவிடுவானோ என்ற சந்தேகத்தில் யாரும் போவதில்லை. யானைமுகம் விழும், சிங்கமுகம் விழும், கடைசியில் சூரனின் சொந்தத் தலையும் விழும் என்பது குழந்தைக்கும் தெரியும். இருந்தும் வேல் பாயும்போது கூட்டம் சிலிர்க்கிறது. முடிவு தெரிந்திருப்பது ரசனைக்குத் தடையில்லை. மல்யுத்த வீரர்களின் திறமையும் வலியும் பொய்யில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2024 ஜனவரியில் சேத் ரோலின்ஸ் ஜிந்தர் மஹாலோடு மோதிய பட்டப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானது. ஜெயித்த ரோலின்ஸின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது நிஜம். 2008 மார்ச் 30 அன்று ஆர்லாண்டோவில் 59 வயது ரிக் ஃப்ளேரை அவருடைய ஓய்வு ஆட்டத்தில் வீழ்த்த வேண்டிய ஷான் மைக்கேல்ஸ், கடைசி உதைக்கு முன் தயங்கி நின்று, மன்னிப்பும் அன்பும் உதட்டசைவில் சொன்ன அந்தச் சில நொடிகளை எந்த நல்ல நடிகரும் பொறாமையோடுதான் பார்ப்பார்.

ஆனால் சூரசம்ஹார உவமையை ஆதரவாளர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கழுகுமலையில் வெட்டுப்படுவது பொம்மைத் தலை. சூரனைச் சுமந்து ஆட்டியவர் அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார், அடுத்த ஐப்பசியில் திரும்பவும் தோள் கொடுப்பார். மல்யுத்தத்தின் ஓய்வு ஆட்டத்தில் பொம்மை கிடையாது. பாத்திரத்தின் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கலாம், உடம்பு ஒன்றுதான். தோற்றால் வேலை போகும் என்று கதை சொல்கிறது. கதை முடிந்ததும் அந்த ஆளின் வேலை மெய்யாகவே போகிறது. ஒரு தொழிலாளியின் வேலைநீக்கத்தைக் கதையாக்கி, டிக்கெட் போட்டு விற்கும் கலை உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? அதைவிட முக்கியம், அந்தக் கதை அவருடைய வேலையை முடித்துவைப்பது யார் என்று சொல்கிறது என்பது. எதிரே நிற்கும் இளைஞன் என்கிறது, வயது என்கிறது, விதி என்கிறது. உண்மையில் முடித்துவைக்கும் ஒரே ஒரு தரப்பு மட்டும் மேடையில் இல்லை.

அந்தத் தரப்பு எங்கே என்று தேடினால் 1989-க்குப் போக வேண்டும். இந்த ஆட்டங்களை நடத்தும் நிறுவனம் அன்று வின்ஸ் மக்மஹோனுடையது. அது அந்த ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்தில், தாங்கள் நடத்துவது விளையாட்டல்ல, கேளிக்கை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. பல தலைமுறைகளாகக் காத்துவந்த தொழில் ரகசியம் அது. கலை நேர்மை திடீரென்று பொங்கியதால் அது வெளியே வரவில்லை. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் உரிமம், மருத்துவப் பரிசோதனை, வரி எல்லாம் உண்டு. கேளிக்கை என்றால் இல்லை. ‘இது நாடகம்தானே’ என்று இன்று ரசிகர்கள் பெருந்தன்மையோடு சொல்லும் வாதத்தை முதலில் சொன்னது முதலாளி, அதுவும் செலவைக் குறைக்க. சரி, நாடகம் என்றால் நடிகர்களுக்கு உள்ள சங்கமாவது இவர்களுக்கு உண்டா? அதுவும் இல்லை. வீரர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள் என்பதே இன்றுவரை ஏற்பாடு. எந்த ஊரில், எந்த நாளில், எந்த உடையில், யாரிடம் தோற்பது என்பது வரை நிறுவனம் முடிவு செய்யும். ஆனாலும் அவர் ஊழியர் அல்ல. இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைத் திருவேங்கடம் வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1986-இல் ஜெஸ்ஸி வென்ச்சுரா சங்கம் அமைக்கலாம் என்று சக வீரர்களிடம் பேசினார். அந்தப் பேச்சு முதலாளியின் காதுக்குப் போனது. கொண்டுபோனவர் அன்றைய பெரிய நாயகன் ஹல்க் ஹோகன் என்பது பின்னாளில் வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. 2008-இல் மூன்று முன்னாள் வீரர்கள், எங்களை ஊழியர்களாகக் கருத வேண்டும் என்று கனெக்டிகட்டில் வழக்குப் போட்டார்கள், அது நிற்கவில்லை. ஆர்லாண்டோவில் ஃப்ளேருக்காக மக்கள் அழுததும் அதே 2008-இல்தான். அழுதவர்கள் எத்தனை பேருக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கும்?

மறைந்திருக்கும் தரப்பு ஒரே ஒரு முறை வெளிச்சத்துக்கு வந்தது. 1997 நவம்பர் 9, மான்ட்ரியால். நாற்பது வயது பிரெட் ஹார்ட் அன்று பட்டத்தோடு வந்தவர். முந்தின ஆண்டுதான் அவரோடு இருபது வருட ஒப்பந்தம் போட்டிருந்தார் மக்மஹோன். பிறகு இவ்வளவு பணம் கட்டுப்படியாகாது என்று சொல்லி, போட்டி நிறுவனத்துக்குப் போய்விடும்படி அவரே வழியும் காட்டினார். போகிறவர் பட்டத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் சொந்த நாட்டு மக்கள் முன்னால், தனக்குப் பிடிக்காத ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க ஹார்ட் சம்மதிக்கவில்லை. ஆட்டம் தகராறில் கலைந்து முடியும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. ஹார்ட்டின் சொந்த முத்திரைப் பிடியை அவர் மேலேயே மைக்கேல்ஸ் போட்டார். ஹார்ட் தட்டவில்லை, பிடியிலிருந்து புரண்டு வெளியேறப் பார்த்தார். அதற்குள் ரிங்கின் ஓரத்தில் நின்ற மக்மஹோன் மணியை அடிக்கச் சொல்லிக் கத்தினார். மணி அடித்தது, பட்டம் போனது. எழுந்து வந்த ஹார்ட் கயிற்றுக்கு மேலே குனிந்து முதலாளியின் முகத்தில் துப்பினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, தான் போகப்போகும் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். இந்தத் தொழிலின் வரலாற்றில் மூத்த வீரர் ஒருவரின் தீர்மான ஆட்டம் என்று உண்மையாகவே சொல்லத்தக்கது இது ஒன்றுதான் என்பேன். எதிராளி யார் என்பது அன்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆதரவாளர்கள் இதைத் துரோகக் கதையாக, விதிவிலக்காகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் விதியாகத் தெரிகிறது. மற்ற ஓய்வு ஆட்டங்களிலும் மணி அடிக்கச் சொல்வது அதே குரல்தான். தோற்பவர் முன்பே சம்மதித்துவிடுவதால் யாரும் கத்த வேண்டியிருப்பதில்லை.

இங்கே ஒரு நல்ல மறுப்பு உண்டு. மான்ட்ரியாலுக்குப் பிறகு மக்மஹோனே கதைக்குள் வில்லனாக இறங்கிவிட்டாரே, ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் அவரை அடித்து, பீரால் குளிப்பாட்டியதைக் கோடிப் பேர் பார்த்தார்களே, முதலாளி மறைந்திருக்கிறார் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கலாம். அந்த வில்லன் வேடம்தான் இந்த நிறுவனத்தின் ஆகப் பெரிய சாமர்த்தியம். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையில் வெடித்த நிஜமான தகராறை, அடுத்த சில ஆண்டுகளுக்கான சரக்காக மாற்றிவிட்டார்கள். கதையில் முதலாளி திங்கள்கிழமைதோறும் அடிவாங்குவார். கதைக்கு வெளியே ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறாது. கோபத்துக்கு வடிகால் கிடைத்த ரசிகன் நிம்மதியாகத் தூங்கப் போவான். முதலாளியை மேடையில் ஏற்றுவதும் அவரை மறைக்க ஒரு வழிதான்.

ஓய்வு பெற்றவர்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் இன்னொரு குறை. ஃப்ளேர் இரண்டே ஆண்டில் வேறொரு நிறுவனத்தில் ரிங் ஏறினார். 2022 ஜூலையில், 73 வயதில், நாஷ்வில்லில் மறுபடி ஒரு கடைசி ஆட்டம்; அதில் இருமுறை நினைவு தப்பியது என்று அவரே பிறகு சொன்னார். 2010-இல் விடைபெற்ற மைக்கேல்ஸ் 2018-இல் ரியாத்தில் திரும்ப வந்தார். வாக்குத் தவறினார்கள் என்று இவர்களைத் திட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. 59 வயதில் வேலை போன ஆள் வேறு வேலை தேடுவது இயல்பு. அவருக்குத் தெரிந்த வேலை விழுவதும் எழுவதும்தான். கௌரவமாக விடைபெற்று, விடைபெற்றபடியே இருந்தவர்களைப் பாருங்கள், அவர்களுக்கு வேறொரு வருமானம் இருந்திருக்கும். கிங் காங் என்ற மல்லரோடு மோதி நம் வீடுகள்வரை பேர் வாங்கிய தாரா சிங், 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன் ஆனபோது, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே சினிமாவில் கதாநாயகன். 1983-இல் களத்தைவிட்டுப் போனவர் சில ஆண்டுகளில் ராமாயணத் தொடரில் அனுமனாக வீட்டுக்கு வீடு நுழைந்தார். தோற்பதில் இருந்த கலையால் அவர் கரையேறவில்லை, கேமராவால் கரையேறினார். சீனாவுக்கும் ஹாலிவுட் இருக்கிறது. அவரால் சிரித்துக்கொண்டே கையைத் தட்ட முடிந்ததில் அதற்கும் பங்குண்டு.

கிரிக்கெட்டிலும் வழியனுப்பு விழா நடத்துகிறார்களே என்பார்கள். 2013 நவம்பரில் சச்சினின் 200-ஆவது டெஸ்ட் அவருடைய சொந்த ஊரான மும்பையில் அமைந்தது தற்செயல் என்று யாரும் நம்பவில்லை. ஆனால் வாரியம் இடத்தைத்தான் கொடுக்க முடிந்தது, சதத்தைக் கொடுக்க முடியவில்லை, 74-இல் அவுட். அந்த 74 சச்சினுடையது. சீனாவின் 17 என்ற எண்ணிக்கையும் சரி, அது முறியடித்த ஃப்ளேரின் 16 என்ற கணக்கும் சரி, நிறுவனத்தின் பேரேட்டில் உள்ளவை. ஃப்ளேரின் பட்டங்களையே வேறு கணக்கில் எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சம்மதித்துத்தானே ஆடுகிறார்கள், கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்களே என்ற கடைசி மறுப்புக்குச் சீனாவைக் காட்டுவது எளிது. கர்ட் ஆங்கிளைக் காட்டட்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நிஜ மல்யுத்தத்தில் தங்கம் வென்றவர். 2019 ஏப்ரலில் பெரிய மேடையில் பாரன் கார்பினிடம் தோற்று, மரபுப்படி இளையவரை உயர்த்திவிட்டு ஓய்வு பெற்றார். அதே நிறுவனத்தில் திரைக்குப் பின்னால் வேலை கிடைத்தது. ஓராண்டு கழித்து, 2020 ஏப்ரல் 15 அன்று, கொரோனாவைச் சொல்லி ஒரே நாளில் பலரைக் கழற்றிவிட்டபோது அந்தப் பட்டியலில் ஆங்கிளும் இருந்தார். தோற்று விடைபெறும் பெருமை பன்னிரண்டு மாதம் தாங்கியது.

இந்திய ரசிகருக்கு இன்னும் பக்கத்தில் ஜிந்தர் மஹால் இருக்கிறார். 2014-இல் நிறுவனம் அவரை நீக்கியது, 2016-இல் திரும்ப எடுத்தது. இந்தியச் சந்தை கண்ணில் பட்ட 2017 மே மாதத்தில் ராண்டி ஆர்ட்டனை வென்று உலக சாம்பியன் ஆனார். டிசம்பரில் டெல்லி நிகழ்ச்சி வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டத்தை இழந்தார். டெல்லியிலும் டிரிபிள் எச்சிடம் தோற்றார். அவர் பட்டத்துக்குத் தகுதியானவர்தானா என்று நம் ஆட்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஏதோ அவரே அதைத் தட்டிப் பறித்துக்கொண்டதுபோல. முன்னே சொன்ன ரோலின்ஸ் ஆட்டம், 2024 ஜனவரியில், அவருக்குக் கிடைத்த உலகப் பட்ட வாய்ப்பு. ஏப்ரலில் அவர் நிறுவனத்தில் இல்லை. அவருடைய தொழில் வாழ்க்கையைத் தீர்மானித்த ஆட்டம் அதுதான் என்று யாரும் அறிவிக்கவில்லை, அதற்காக யாரும் டிக்கெட் விற்கவும் இல்லை.