பூட்டுகள் சிக்கிக்கொள்ளும்போது

நிரலில் இணையாக ஓடும் திரெட்களில் ஒன்று முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறது. இன்னொன்று இரண்டாவதைப் பிடித்தபடி முதலாவதற்குக் காத்திருக்கிறது. பிழைச்செய்திகூட வராமல் நிரல் உறைந்து நிற்கும். இதுதான் டெட்லாக்.

பல கணினிகளில் பரவிய டெட்லாக்கைக் கண்டுபிடிக்க, சென்னை ஐ.ஐ.டி.யில் 1965-இல் பட்டம் பெற்ற மணி சாண்டியும் ஜெயதேவ் மிஸ்ரா, லாரா ஹாஸ் இருவரும் 1983-இல் வெளியிட்ட வழி அபார அழகு. காத்திருக்கும் நிரல், தன்னைத் தடுத்து நிற்பதற்குத் தன் பெயரிட்ட சிறு செய்தியை அனுப்பும். அதுவும் காத்திருந்தால் செய்தியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். அனுப்பிய இடத்துக்கே திரும்பினால் டெட்லாக் உறுதி. எந்தக் கணினிக்கும் முழுப் படம் தெரிய வேண்டியதில்லை.

ஒரே நிரலுக்குள் டெட்லாக்குக்கு மருந்து எளிது: எங்கும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுப்பது. டெட்லாக்கைவிட, விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பிழைதான் கொடியது. தவறு ஓரிடம், நிரல் விழுவது வேறிடம். அட்ரஸ்சானிடைசர் கருவி விடுவித்த வரியையும் தொட்ட வரியையும் சேர்த்தே காட்டிவிடும்.