மீச்சிறு பொது மடங்கு கைகொடுக்கும் இடமும் கைவிடும் இடமும்

மலாக்காவின் கிளேபாங் வட்டாரப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், படிவம் 1 கணிதத்தில் மீச்சிறு பொது மடங்கு வந்து நிற்கிறது. கூடவே பேருந்துக் கணக்கும் வரும். ஒரு பேருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை, மற்றொன்று 20 நிமிடத்துக்கு ஒருமுறை; 7 மணிக்குச் சேர்ந்து புறப்பட்டவை மறுபடி எப்போது சேர்ந்து புறப்படும்? விடை 8 மணி.

இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மலாக்காவில் நம் அண்டை வீட்டுச் சீனர்களின் ஆண்டுக் கணக்கில் 10 உறுப்புள்ள வரிசை ஒன்றும் 12 விலங்குகளின் வரிசையும் ஒன்றாக ஓடுகின்றன. பெருக்கினால் 120. ஆனால் 2 பொதுக் காரணி என்பதால் சுற்று 60 ஆண்டில் முடிகிறது. தீக்குதிரை ஆண்டு 1966இல் வந்தது, அடுத்தது 2026. வெறும் எண்ணிக்கையாக ஓடும் சுற்றுகளில் இம்முறை பிசகுவதே இல்லை.

சிக்கல், 'சேர்ந்து புறப்பட்டவை' என்ற நிபந்தனையில் இருக்கிறது. இரண்டாவது பேருந்து 7.05க்குக் கிளம்பினால் 7.45க்கே இரண்டும் சேர்ந்துவிடும். 7.02க்குக் கிளம்பினால்? அதன் நிமிடங்கள் 2, 22, 42 என்றே போகும். முதல் பேருந்துக்கோ எப்போதும் 0 அல்லது 5இல் முடியும். நாள் முழுக்க ஓடினாலும் அவை சேரா. 15க்கும் 20க்கும் மீச்சிறு பொது மடங்கான 60 இங்கே எதையும் சொல்வதில்லை. மிச்சம் வைத்துப் போடும் இத்தகைய கணக்குக்கு ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே ஆரியபடீயத்தில் வழி தந்தார். நம் பாடமோ எளிய பாதியோடு நின்றுவிடுகிறது. 'மீண்டும் ஒருசேர' என்ற சொல்லைக் கண்டதுமே பிள்ளை எண்களை வகுக்கத் தொடங்கிவிடுகிறது, நிபந்தனையைப் படிப்பதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பங்களுக்கு இன்னொரு குறையும் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் மரம் வெட்டினால், 14 நாளுக்கு ஒருமுறை வெட்டு ஞாயிற்றுக்கிழமையில் விழ வேண்டும். விடியற்காலையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. மீறி வெட்டினால் பால் மங்கில் இறங்காமல் பட்டையில் பரவி வழிந்துவிடும். முறை மறுநாளுக்குத் தள்ளிப் போகும், 14ஆம் நாள் கணக்கும் அதோடு போகும்.

கோயில் அன்னதானத்துக்குத் தட்டு கட்டுக்கு 50, குவளை கட்டுக்கு 20 என்றால், மிச்சமில்லாமல் வாங்க 100 அல்லது 200 என்கிறது பாடம். வருவது 130 பேர் என்றால் 3 கட்டுத் தட்டும் 7 கட்டுக் குவளையும் போதும். மடங்கை நம்பி 200 வாங்குவது வீண் செலவு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேர்வுத்தாளில் ஒரு கணக்கிலாவது பேருந்துகளை வெவ்வேறு நேரத்தில் கிளப்பிவிடுங்கள். 'சேரவே சேராது' என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.