மழையும் வைசூரியும்

யோசேவாஸ் அடிகளாரின் சரிதையை எழுதுவோரும், பாடசாலை மேடைகளிலே அதனை நடிப்பிப்போரும், பெரும்பாலும் ஒரு காட்சியிலேயே தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுவிடுகின்றனர். கண்டி இராச்சியம் வறட்சியால் வாடுகின்றது. மன்னன் வேண்டுகின்றான். திறந்த வெளியிலே பீடம் அமைத்து அடிகளார் மன்றாட, மழை கொட்டுகின்றது. அவரும் பீடமும் மாத்திரம் நனையவில்லை. 1690களில் நிகழ்ந்ததாக வழிவழி சொல்லப்பட்டுவரும் கதை இது. ஆனால், 1697ஆம் ஆண்டு அதே நகரிற் பரவிய வைசூரி, இச்சரிதைகளிலே ஓரிரு பந்திகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. இந்த அளவு முறையே தவறானது என்பது எமது கருத்து.

அடிகளார் 1651இல் கோவாவிலே கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளிலே கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். இறங்கியதும் கடும் வயிற்றளைச்சல் கண்டு சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். நோயாளியாகக் கிடப்பது எத்தகையது என்பதை அவருக்கு இந்நாடு முதலிற் கற்பித்தது எனலாம். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தின்பேரிற் சிறை வைக்கப்பட்டார். பின்னரே இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆதரவு கிடைத்தது.

வைசூரி வந்தபோது மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர் என்றும், உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர் என்றும் சரிதைகள் கூறுகின்றன. அடிகளாரும் துணைக்குருவாகிய யோசே கர்வாலியோவும் நகரிலே தங்கினர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை நோயாளர் மனைகளாக்கினர்; கஞ்சி ஊட்டினர்; புண்களைக் கழுவினர்; இறந்தோரைத் தாமே புதைத்தனர். ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைச் சோதித்த 1796ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்திய நிகழ்ச்சி இது. அன்று வைசூரிக்கு மருந்து எங்குமில்லை. நீரும் உணவும் சுத்தமும் அருகே ஒரு மனிதனும் இருத்தலே சிகிச்சை. பிறர் தீண்டினால் தீட்டென்று வளர்க்கப்பட்ட குலத்திற் பிறந்த ஒருவர், சாதியும் சமயமும் அறியாத அந்நியரின் சீழைத் துடைத்தார் என்பதைவிடப் பெரிய அற்புதம் எதனைச் சரிதையாசிரியர்கள் தேடுகின்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

அவர் அங்கே ஜெபிக்கவில்லையா? ஜெபித்தார்; அதனை மறைப்பது நேர்மையன்று. அந்த ஜெபத்தின் தன்மை எத்தகையது என்பதே வினா. புதிய ஏற்பாட்டிலே யாக்கோபின் நிருபம் நோயாளியைப் பற்றிப் பேசுமிடத்து, சபை மூப்பர்கள் அவனிடம் சென்று எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டும் என்று விதிக்கின்றது. படுக்கையிற் கிடப்பவன் எழுந்து மேடையை நாடி வரவேண்டும் என்று அது சொல்லவில்லை. நடக்கவேண்டிய கால்கள் ஜெபிப்போனுடையவை. இன்று ஒலிபெருக்கி கட்டி நடைபெறும் சுகமளிக்கும் கூட்டங்கள் பலவற்றில் இம்முறை தலைகீழாகிவிட்டது. நோயாளி வருகின்றான், காணிக்கையும் தருகின்றான், நோய் தீராவிடின் விசுவாசம் போதாது என்ற குற்றத்தையும் அவனே சுமந்து திரும்புகின்றான். 1697இல் கண்டியிலே நோயாளி எவனுடைய விசுவாசமும் அளந்து பார்க்கப்படவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் கிறித்தவரே அல்லர்.

இவ்விடத்தே எமது முற்போக்கு நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஜெபம் என்றதும் அபினி என்று கூறி முகந்திருப்புவோர், அவ்வுவமையைக் கையாண்ட மார்க்ஸ் அதே பந்தியில் சமயத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதை மறந்துவிடுகின்றனர். அவர் காலத்திலே அபினி வலிதீர்க்கும் மருந்தாகவும் விற்கப்பட்டது. வலி இருப்பதாற்றான் அதனை நாடுகின்றனர்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே இவ்வலிக்கு நீண்ட வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தொழிலாளருட் பலர் பேதியாலும் வைசூரியாலும் வழியிலேயே மாண்டனர். 1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னரும் லயத்து வாழ்வு பெரிதும் மாறவில்லை. தோட்ட மக்களின் சுகாதாரம் நெடுங்காலம் அரசின் பொது மருத்துவ அமைப்புக்குப் புறம்பாய், தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் பறித்தது. காய்ச்சலில் முனகும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மாதாவையோ மாரியம்மனையோ நெஞ்சுருக அழைத்த தாய்க்கு வேறு யார் செவிசாய்த்தனர்? அவளது வேண்டுதலை மூடநம்பிக்கை என்று எழுதுவது எளிது. அவளிடம் மருத்துவர் ஏன் வரவில்லை என்று எழுதுவதே எழுத்தாளனின் கடமை.

அற்புதங்களிலே ஆர்வமுள்ள சரிதையாசிரியர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். 1995இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட அடிகளாரை, 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். வழக்கமாகக் கோரப்படும் இரண்டாவது அற்புதம் இல்லாமலே அது நடைபெற்றது. உரோமாபுரியே அற்புதத்தை வற்புறுத்தாதபோது எமது மேடைகள் மழைக்குத் தகரத்தை அடித்து இடியோசை எழுப்பிக்கொண்டிருப்பது வேடிக்கையே.

அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டி நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மழைக் காட்சியை விட்டுவிடுங்கள். மன்னனின் பல்லக்கு நகரைவிட்டுப் போன பின்னர் திரையைத் தூக்குங்கள். ஆளற்ற தெரு, திறந்து கிடக்கும் ஒரு வீடு, உள்ளே தண்ணீர் கேட்கும் குரல். ஒரு மனிதர் குடத்தோடு நுழையட்டும்.