இயந்திரத்தின் ஆதார சுருதி

நம் சங்க விழாக்களில் பாட்டுக் கச்சேரி தொடங்குமுன் மேடையில் நிகழும் சிறு காட்சி ஒன்றை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பாடகர் வந்து அமர்கிறார். பின்னால் தம்புரா இல்லை. அதை மீட்டுபவரும் இல்லை. சிறு பெட்டி ஒன்றின் குமிழைத் திருகுகிறார், சுருதி எழுகிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் முகம் சுளித்துப் பக்கத்திலிருப்பவரிடம், “இயந்திரத்துக்கு ஏது ஐயா ஜீவன்?” என்கிறார்.

இக்கேள்வியைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இது மெய்யான கேள்வி. மனிதக் கை தொடாத, மூச்சுப் படாத ஓர் ஒலி மனித உள்ளத்தின் ஏக்கத்தைச் சுமக்க இயலுமா? ஊரைவிட்டு வெகுதொலைவில் வாழும் நமக்கு இது வெறும் இசைக்கேள்வி மட்டுமன்று. நம் வீடுகளில் ஊரின் ஓசைகள் பலவும் கருவிகளின் வழியாகவே வந்து சேர்கின்றன. அவ்வாறு வரும்போது அவை உயிரோடு வருகின்றனவா?

இதற்கு விடை தேடியவர்களுள் தலையாய ஒருவர் உருசிய நாட்டு இசையமைப்பாளர் எதுவார்த் அர்த்தேமியெவ். அவர் திரைப்படத்திற்கென அமைத்த மின்னணு இசையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அர்த்தேமியெவ் 1937-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் சைபீரியாவில் உள்ள நோவோசிபிர்ஸ்க் நகரில் பிறந்தார். மாஸ்கோ இசைக்கல்லூரியில் முறையாகப் பயின்று 1960-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே, இராணுவப் பொறியாளராக இருந்த எவ்கேனி முர்ஸின் என்பாரைச் சந்தித்தார். அச்சந்திப்பே அவருடைய வாழ்வின் திருப்புமுனை எனலாம்.

முர்ஸின் தனியொருவராகப் பல ஆண்டுகள் உழைத்து ஒரு விந்தையான கருவியை உருவாக்கியிருந்தார். அலெக்சாந்தர் நிக்கொலாயெவிச் ஸ்க்ரியாபின் என்னும் இசைமேதையின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஆ.நெ.ஸ்.’ என்று பெயரிட்டார். அதில் விசைப்பலகையை அழுத்தித்தான் இசையெழுப்ப வேண்டும் என்பதில்லை. கரிய பூச்சுப் பூசப்பட்ட ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். இசையமைப்பாளர் அப்பூச்சைக் கீறிக் கோடுகளும் வளைவுகளும் வரைவார். கீறிய இடங்களின் வழியே ஒளி புகும்; ஒளி மின்னலைகளாகி ஒலியாக வெளிப்படும். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் கோலம் இழுப்பதுபோல் இசையைக் கையால் இழுக்கலாம் என்று சொன்னால் மிகையாகாது.

இக்கருவி ஒரு ஸ்தாயியை 72 நுண்கூறுகளாகப் பகுத்து, மொத்தம் 720 தூய ஒலிகளை எழுப்ப வல்லது. 72 என்றதும் நமக்கு மேளகர்த்தா இராகங்கள் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. எண்ணின் ஒற்றுமை மட்டுமே. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பியானோவின் 12 படிகளுக்கு இடையே நழுவிப்போகும் நுண்ணொலிகளைப் பிடிக்க வேண்டும் என்ற வேட்கை முர்ஸினுக்கு இருந்தது. கமகத்தில் ஊறிய செவியினர்க்கு அவ்வேட்கையை விளக்கத் தேவையில்லை.

இக்கருவியைத் திரைப்படத்தில் முழுமையாகப் பயன்படுத்தும் வாய்ப்பை அர்த்தேமியெவுக்கு அளித்தவர் இயக்குநர் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. ஸ்தானிஸ்லாவ் லெம் எழுதிய புதினத்தைத் தழுவி அவர் எடுத்த ‘சொலாரிஸ்’ 1972-இல் வெளிவந்தது. தார்க்கோவ்ஸ்கி விரும்பியது வழக்கமான பின்னணி இசையை அன்று. படத்திலுள்ள ஓசைகளை ஓர் இசைக்கலைஞனின் செவிகொண்டு ஒழுங்குபடுத்துவதையே. நீரின் ஓசை, இலையின் ஓசை, பொறிகளின் இரைச்சல் ஆகியவற்றை இசையாக்குக என்பதே கட்டளை. கேட்பவர்க்கு இது கலைஞனின் தன்மானத்தைச் சீண்டுவதாகக் கூடத் தோன்றும். அர்த்தேமியெவ் அதனை ஏற்றார்.

அப்படத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கெல்வின் என்னும் உளநூல் அறிஞன் பூமியை விட்டு நெடுந்தொலைவிலுள்ள விண்நிலையம் ஒன்றுக்குச் செல்கிறான். அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் ஸ்நாவுட் அவனுக்கு ஓர் உபாயம் சொல்லித்தருகிறான். காகிதத்தைக் கீற்றுக்கீற்றாகக் கிழித்துக் காற்றுத்துளையில் ஒட்டிவைத்தால், இரவில் அது இலைகளின் சலசலப்பைப் போல் கேட்கும் என்கிறான். விண்வெளியில் மரமில்லை, இலையில்லை, காற்றும் இயற்கையானதன்று. கிழித்த காகிதமும் இயந்திரம் ஊதும் காற்றுமே உள்ளன. எனினும் அவற்றைக் கேட்டுக்கொண்டு மனிதர் உறங்குகின்றனர்.

முழுப் படத்தின் திறவுகோல் இந்தக் காகிதக் கீற்றில் இருப்பதாக நாம் கருதுகிறோம். அர்த்தேமியெவின் கலைக்கும் இதுவே இலக்கணம். அவருடைய மின்னொலியும் ஒரு காகிதக் கீற்றுத்தான். அது இலை என்று நம்மை ஏமாற்ற முயலவில்லை. இலையை இழந்தவன் இலைக்காக ஏங்குவதை ஒலிக்கிறது. உண்மையான இலையின் ஓசையைப் பதிவுசெய்து ஒலிபரப்பியிருந்தால் அந்த ஏக்கம் பிறந்திராது. ஒலி செயற்கையானது என்பதே அதன் குறையும் ஆகும், பொருளும் ஆகும்.

இதே படத்தில் நகர்ச் சாலையில் ஊர்தி விரையும் நெடுங்காட்சி ஒன்று உண்டு. தோக்கியோ நகரின் மேம்பாலச் சாலைகளில் எடுக்கப்பட்டது. ஊர்திகளின் இரைச்சலோடு மின்னொலி மெல்ல மெல்லப் பின்னிப் பெருகுகிறது. எது சாலையின் ஓசை, எது கருவியின் ஓசை என்று பிரித்தறிய இயலாதபடி அடர்கிறது. அடுத்த கணம் காட்சி வெட்டப்பட்டு, நாட்டுப்புற வீடும் குளக்கரையும் வருகின்றன, ஒலி நின்றுவிடுகிறது. அந்த அமைதி நம் செவியில் அறைவதுபோல் விழுகிறது. மௌனத்தை உண்டாக்குவதற்காகவே அதுவரை இரைச்சலை வளர்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

படத்தின் நாயகியாகிய ஹரி மனிதப் பெண் அல்லள். கெல்வினின் நினைவிலிருந்து சொலாரிஸ் என்னும் கடல் படைத்தனுப்பிய உருவம் அவள். நிலையத்து நூலகத்தில் மாட்டியிருக்கும் புரூகலின் பனிக்கால வேட்டை ஓவியத்தை அவள் உற்று நோக்குகிறாள். ஓவியத்தின் மேல் பார்வை ஊர்ந்து செல்கையில் மணியோசையின் சாயலும் பறவையொலியின் சாயலும் மின்னொலித் திரளினூடே எழுந்து அமிழ்கின்றன. பூமியைக் கண்டறியாத ஒருத்தி பூமியின் நினைவைக் கற்றுக்கொள்ளும் கட்டம் இது. படைக்கப்பட்ட பெண்ணுக்குப் படைக்கப்பட்ட ஒலி. இங்கே வயலினோ கூட்டுக்குரலோ பொருந்தியிருக்குமா என்று எண்ணிப் பார்த்தால் கலைஞனின் தெளிவு புலனாகும். படத்தில் திரும்பத் திரும்ப வரும் பாஹின் ஆர்கன் இசைமீதும் அவர் தம் மின்னொலியை ஒரு மெல்லிய திரைபோல் போர்த்தினாரேயன்றி அதனோடு போட்டியிடவில்லை.

1975-இல் வந்த ‘கண்ணாடி’ என்னும் படத்தில் இந்த அடக்கம் இன்னும் முதிர்கிறது. சோவியத் வீரர்கள் சிவாஷ் சதுப்பு நீரில் முழங்காலளவு அமிழ்ந்து பீரங்கிகளை இழுத்துச் செல்லும் பழைய செய்திப்படத் துண்டு அதில் இடம்பெறுகிறது. அதன்மீது இயக்குநரின் தந்தையாரான கவிஞர் அர்செனி தார்க்கோவ்ஸ்கியின் குரல் கவிதை சொல்கிறது. அவ்விடத்தில் உருக்கமான மெட்டு ஒன்றை வைத்துக் கண்ணீரைப் பிழிந்தெடுப்பது எவர்க்கும் எளிது. அர்த்தேமியெவ் மெட்டைத் தவிர்த்தார். கனத்த ஒலித்திரள் ஒன்று அசைந்து செல்கிறது, அவ்வளவே. சோகத்தை வீரர்களின் நடையே சொல்லிவிடுகிறது.

1979-இல் வெளிவந்த ‘ஸ்டாக்கர்’ நமக்கு இன்னும் நெருக்கமானது. அதற்கு முதலில் வாத்தியக் குழுவைக்கொண்டு அமைத்த இசையைத் தார்க்கோவ்ஸ்கி ஏற்கவில்லை என்றும், வழி தெரியாது தவித்தபோது இந்திய இசையின் ஓர் அடிப்படை தமக்குக் கைகொடுத்தது என்றும் அர்த்தேமியெவே பின்னாளில் கூறியிருக்கிறார். அது வேறெதுவுமன்று, தம்புராவின் இடைவிடாத ஆதார சுருதியே. அசையாத சுருதி ஒன்றை மின்கருவியில் எழுப்பி, அதன்மேல் ‘தார்’ என்னும் அஜர்பைஜான் நாட்டு நரம்புக் கருவியையும், ஐரோப்பிய இடைக்காலச் சாயல் கொண்ட மெட்டை இசைக்கும் குழலையும் மிதக்கவிட்டார். கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே சுருதியில் அமர்ந்தன.

மேடைச் சிறுபெட்டியைக் கண்டு முகம் சுளித்த நம் பெரியவர் இதனைக் கேட்டால் என் சொல்வார்? தம்புராவை நாம் கவனித்துக் கேட்பதில்லை. அதன்மேல் நின்றுகொண்டு பாட்டைக் கேட்கிறோம். அது நின்றால்தான் காலடியில் தரையில்லை என்பதை உணர்கிறோம். திரையிசைக்கும் இத்தகைய தரையாக இருக்கும் கடமை உண்டு என்பதை நம் நாட்டுச் சுருதியிலிருந்து கற்று மாஸ்கோவில் செய்துகாட்டினார் ஒருவர். நாமோ நம் படங்களின் பின்னணி இசையை, எத்தனை வயலின்கள் ஒலித்தன என்று எண்ணிப் பாராட்டும் வழக்கத்தினராக இருக்கிறோம்.

அப்படத்தில் மூவர் சிறு தண்டவாள வண்டியொன்றில் ஏறி, தடைசெய்யப்பட்ட நிலப்பகுதிக்குள் செல்லும் காட்சி புகழ்பெற்றது. பல நிமிடங்கள் அவர்களுடைய தலைகளையும் முகங்களையும் மட்டுமே காண்கிறோம். சக்கரங்கள் தண்டவாளத்தில் தட்டும் ஓசை முதலில் வெறும் இரும்பொலி. சிறிது சிறிதாக அதில் ஒரு முழக்கம் ஏறுகிறது, எதிரொலி நீள்கிறது, இரும்பொலி உருகி இசையாகிறது. எந்த நொடியில் மாறியது என்று சுட்டிக்காட்ட முடியவில்லை. இரண்டு இரவுகள் இரயிலில் கிடந்து ஊர் சென்று திரும்பிய நம் குடும்பத்தார் எவர்க்கும் இது புதுமையாகப் படாது. கண் செருகும் வேளையில் சக்கர ஓசையில் ஒரு பாட்டு கேட்கத் தொடங்குமே, எல்லை கடந்துவிட்டோம் என்று உடம்பு சொல்லுமே, அந்த அனுபவத்தையே அவர் கருவியால் வரைந்தார்.

‘முணுமுணுக்க ஒரு மெட்டுக்கூட இல்லாத இதனை இசை என்பதா?’ என்று கேட்பார் உளர். பாடலையே திரையிசையின் உயிராகக் கொண்டு வளர்ந்த நமக்கு இவ்வினா இயல்பானது. பாடல் நம்மோடு வீட்டுக்கு வருகிறது. அர்த்தேமியெவின் இசை படத்திலேயே தங்கிவிடுகிறது. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபின் ஒரு மாறுதலைக் காண்கிறோம். குழாயில் நீர் சொட்டுவதும், மின்விசிறி சுழல்வதும், தொலைவில் இரயில் கடப்பதும் முன்பு கேளாதவாறு கேட்கின்றன. பாடலைத் தருவது ஒரு கொடை; செவியைத் தருவது மற்றொரு கொடை. பின்னதைச் சிறிதென்று கூற நமக்கு மனம் வரவில்லை.

அவருடைய படைப்புகள் அனைத்தும் இவ்வுயரத்தில் நிற்பன என்று சொல்வது நேர்மையாகாது. அவர் மெட்டமைக்கத் தெரியாமல் மின்னொலிக்குள் ஒளிந்துகொண்டவர் அல்லர். நிகித்தா மிகல்கோவின் படங்களுக்கு 1974 முதல் அவர் அமைத்த இசை, உருசிய மக்கள் நாவில் நிலைத்த மெட்டுகளைக் கொண்டது. 1994-இல் வந்த மிகல்கோவின் ‘சூரியனால் சுடப்பட்டவர்கள்’ ஆஸ்கர் பரிசு பெற்றது. அதற்கும் இவரே இசை. 1979-இல் கொஞ்சலோவ்ஸ்கி எடுத்த ‘சைபீரியாட்’ படத்தில் மின்கருவியையும் துள்ளும் தாளத்தையும் இணைத்துப் பெருவேகம் காட்டினார். இவற்றுள் இனிமைக்குக் குறைவில்லை. ஆயினும் பின்னாளைய பெருவாத்தியப் படைப்புகள் சிலவற்றில், இங்கே அழுக, இங்கே வியக்க என்று இசை நமக்குக் கட்டளையிடுவதை உணர்கிறோம். ‘சொலாரிஸ்’ இசை அவ்வாறு ஒருபோதும் செய்யாது. அது பக்கத்தில் அமர்ந்திருக்குமேயன்றித் தோளைத் தட்டாது.

இதற்குக் காரணம் உண்டு. தார்க்கோவ்ஸ்கி என்னும் கண்டிப்பான துணையே அவருடைய திறனுக்குக் கரையாக அமைந்தது. தன் பிறப்பு ஆய்வுக்கூடத்தில் என்பதைச் செவிக்குக் காட்டாத மின்னிசையே திரைக்கு ஏற்றது என்பது அவ்வியக்குநரின் கொள்கை. கரையிருந்தபோது ஆழ்ந்து ஓடிய ஆறு, கரை அகன்றபோது பரந்து ஓடியது. தார்க்கோவ்ஸ்கியும் தாயகத்தை நீங்கி, 1983-இலும் 1986-இலும் வெளியான தம் இறுதிப் படங்கள் இரண்டையும் அயல்நாட்டில் எடுத்தார். அவற்றில் அர்த்தேமியெவ் இல்லை. வேறோர் இசையமைப்பாளரைக்கொண்டு அவ்விடத்தை அவர் நிரப்பவும் இல்லை. பழம்பெரும் இசைமேதைகளின் படைப்புகளையும் நாட்டுப்புற ஓசைகளையும் தேர்ந்து அமைத்துக்கொண்டார்.

தார்க்கோவ்ஸ்கி 1986 டிசம்பர் 29-ஆம் நாள் பாரிஸில் மறைந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2022-இல் அதே டிசம்பர் 29-ஆம் நாள் அர்த்தேமியெவ் மாஸ்கோவில் மறைந்தார். தற்செயலுக்குப் பொருள் கற்பிப்பது திறனாய்வாளன் வேலையன்று. நிகழ்ந்ததைக் குறித்து வைக்கிறோம்.

இயந்திரத்துக்கு ஜீவன் ஏது என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். இயந்திரத்துக்கு ஜீவன் இல்லை. பெரியவர் சொன்னது சரியே. காகிதக் கீற்றுக்கும் ஜீவன் இல்லை. அதைக் கிழித்துக் காற்றில் ஒட்டிவைத்தவனுக்கு இருந்தது. இருளில் படுத்துக்கொண்டு அதை இலையென்று கேட்டவனுக்கு இருந்தது. அவ்விருவர்க்கும் இடையே அந்தக் காகிதம் அசைந்துகொண்டிருந்தது. அடுத்த விழாவில் சிறுபெட்டியின் குமிழ் திருகப்படும்போது, பாட்டு தொடங்குமுன் எழும் அந்தச் சுருதியைச் சற்றுக் கண்மூடிக் கேட்போம்.