தேர்வறையில் சலுகை, வகுப்பறையில்?

பி.எட். இரண்டாம் ஆண்டில் உள்ளடக்கிய பள்ளி பற்றி எங்களுக்கு ஒரு தாள் உண்டு. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆனதை வரிசை பிசகாமல் எழுதத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். பட்டியலை மனப்பாடம் செய்த அளவுக்கு அந்த 2016 சட்டத்தின் 17-ஆவது பிரிவை நாங்கள் யாரும் படிக்கவில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஏற்பப் பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றங்கள் செய்யவேண்டும் என்கிறது அது. எப்படிப்பட்ட மாற்றங்கள்? தேர்வெழுதக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. முதல் இரண்டும் தேர்வறையோடு முடிந்துவிடுபவை. மூன்றாவது, பாடத்தையே எடுத்துவிடுகிறது. பாடத்தை வேறுவிதமாகச் சொல்லித்தருவதற்கு அந்த வரியில் ஓர் உதாரணம்கூட இல்லை. நம் பள்ளிகளும் அந்த மூன்றையே பிடித்துக்கொண்டன.

அந்தச் சலுகைகளை நான் குறைத்துப் பேசவில்லை. பொதுத்தேர்வில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையின் பிளஸ் ஒன் சேர்க்கையையே தீர்மானிக்கும். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, ‘இந்தப் பிள்ளைக்கு இது சரிப்படாது, வேற ஸ்கூல் பாருங்க’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது எளிதாக இல்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். வரமுடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போகிறார்கள். பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறியது சின்ன வெற்றி இல்லை. ஏறிய பிறகு தினமும் காலை ஒன்பதரை மணியிலிருந்து அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

கற்பித்தல் பயிற்சிக்கு நான் போன அரசுப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் பார்வை மிகவும் மங்கிய மாணவி ஒருத்தி. முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்றால் அது ஒன்றுதான். கரும்பலகையில் எழுதுவதைப் பக்கத்தில் இருப்பவள் எழுதி முடித்ததும், அந்த நோட்டை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து எழுதுவாள். இரண்டு நேரிய சமன்பாடுகளை வரைபடத்தில் வரைந்து தீர்வு காணும் பாடம் எனக்கு வந்தது. மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாள் அவளுக்கு வெறும் பச்சைத் தாள். ஒரு காலண்டர் அட்டையில் அச்சுகளுக்குச் சணல் கயிற்றையும், கோடுகளுக்கு மெல்லிய நூலையும் ஒட்டி, ஒவ்வோர் அலகிலும் ஒரு பொட்டு வைத்தேன். நல்ல தடித்த ஸ்டிக்கர் பொட்டு. அவள் விரல் ஒரு நூல்வழியே போய், மற்ற நூல் குறுக்கிட்ட இடத்தில் நின்றது. அங்கிருந்து கீழே இறங்கி எண்ணினாள். இடப்பக்கம் போய் எண்ணினாள். “(2, 3), மிஸ்” என்றாள். அடுத்தே கேட்டாள்: “பரீட்சைல இந்த அட்டையைத் தருவாங்களா?”

தரமாட்டார்கள். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். ஆசிரியர்கள் அறையில் இந்த 16-க்குத் தனி மரியாதை உண்டு. மெல்லக் கற்போருக்கு எந்தப் பள்ளியில் ‘மினிமம் மெட்டீரியல்’ போட்டாலும் இவைதாம் முதல் பக்கத்தில் நிற்கும். வேறெதுவும் வராத பிள்ளையும் இதில் மதிப்பெண் எடுத்துவிடும் என்ற நம்பிக்கை. மற்றவர்களுக்குக் கைகொடுக்கும் அதே இடம்தான் இவளுக்குச் சுவர். வரைந்து தர ஆள் இருந்தாலும், எதை வரையச் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது வகுப்பில் வந்திருக்க வேண்டியது. தேர்வு நாளில் யாரும் இரவல் தரமுடியாது.

பாடத்திட்டமே பிள்ளைகளின் வேறுபாட்டை ஒத்துக்கொண்ட முயற்சியும் இங்கே உண்டு. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் இருப்பதை ஏற்று, அதற்கேற்பப் பயிற்சி நூல் தந்தது. எல்லாரும் ஒரே பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தை அது கைவிட்டதே பெரிய விஷயம். அதற்கு முன் செயல்வழிக் கற்றலிலும் பிள்ளை தன் வேகத்தில் அட்டைகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் இரண்டுமே வேகத்தைத்தான் கணக்கில் எடுத்தன. காது கேளாத பிள்ளை மெதுவாகப் படிக்கும் பிள்ளை இல்லை. அதற்கு வேறு வழி வேண்டும். நிலையைக் குறைத்துக் கொடுத்தால் அது தன் அறிவுக்குக் கீழே உட்காரவைக்கப்படும். கொஞ்ச நாளில் ‘அவன் அரும்பு’ என்பது அடையாளமாகவும் ஆகிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடியா குடும்பத்துப் பிள்ளைக்கும் இதேதான் நடக்கும். கணக்கு தெரியும், கேள்வி எழுதப்பட்ட மொழிதான் தெரியாது.

நாற்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளைக்காக நூலும் பொட்டும் ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று என் கைடு டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. 2021-இல் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கும் அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று விகிதம் சொன்னது. நான் பார்த்த பயிற்றுநரோ பல பள்ளிகளுக்கும் பொதுவானவர். வரும் நாளிலும் படிவம் நிரப்பவே நேரம் சரியாக இருந்தது. ஆனால் அந்த அட்டை ஒருத்திக்கானதாக மட்டும் இருக்கவில்லை. வெட்டும் புள்ளி என்றால் என்ன என்று விளங்காமல் புள்ளி குறித்துக்கொண்டிருந்த மூன்று நான்கு பையன்களும் வாங்கித் தடவிப் பார்த்தார்கள். இதை ஆசிரியரின் தனிப்பட்ட கருணையாக விட்டால் அடுத்த ஆண்டு இருக்காது. பாடநூலோடு வந்தால் இருக்கும். எங்கள் பாடக்குறிப்பேட்டைப் பாருங்கள்: தனியாள் வேறுபாடு என்ற இடத்தில் ‘மெல்லக் கற்போருக்குக் கூடுதல் பயிற்சி’ என்று எல்லாரும் ஒரே வரியை எழுதுகிறோம், கையெழுத்து விழுந்துவிடுகிறது.

கேள்வித்தாளை ஆளுக்கொரு விதமாக வைத்தால் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பார்கள். 8 மதிப்பெண் கேள்விகளில் இப்போதே ‘அல்லது’ இருக்கிறது: இந்த வரைபடத்தை வரைக, அல்லது அந்த வரைபடத்தை வரைக. கோடுகள் எங்கே வெட்டும், ஏன் அங்கே வெட்டும் என்று அட்டவணையிலிருந்து விளக்கச் சொல்லும் கேள்வி ஒன்றை அந்த ‘அல்லது’க்குப் பின்னால் வைக்கலாம். அதையும் இவளுக்கு மட்டும் என்று ஒதுக்காமல் வகுப்பில் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 17-ஆவது பிரிவில் பாடத்திட்டம் என்ற சொல்லும் இருக்கிறது.