ஐந்து விநாடித் தண்டனையும் மெதுவாக ஓடிய படமும்

பந்தயத்தில் முதலில் வந்தவருக்கே முதற் பரிசு. இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2019-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் கனடாவில் மான்ட்ரியல் நகரில் நடந்த ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவர் ஃபெராரி காரை ஓட்டிய ஜெர்மானியர் செபாஸ்டியன் வெட்டல். அவருக்கு 1.342 விநாடி பின்னால் வந்தவர் மெர்சிடிஸ் காரை ஓட்டிய ஆங்கிலேயர் லூயிஸ் ஹாமில்டன். ஆனால் முதற் பரிசு ஹாமில்டனுக்கே போயிற்று. வெட்டலின் நேரத்தோடு நடுவர்கள் 5 விநாடியைக் கூட்டிவிட்டார்கள். ஆகவே கணக்கில் அவர் 3.658 விநாடி பின்தங்கினார். பந்தயம் முடிந்ததும் கோபத்தோடு வந்த வெட்டல், ஹாமில்டன் காரின் முன் இருந்த ‘1’ என்னும் பலகையை எடுத்துத் தம் கார் நின்றிருக்க வேண்டிய வெற்றிடத்தின் முன் வைத்தார். ‘2’ என்னும் பலகையை ஹாமில்டன் கார் முன் வைத்தார். அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது; கூடவே சச்சரவும் பரவியது.

சச்சரவு எழுந்ததில் தவறில்லை. அது நடந்த முறையைப் பற்றித்தான் சில குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். மொத்தம் 70 சுற்றுகள். முந்தின நாள் தகுதிச் சுற்றிலேயே முதலிடம் பெற்றிருந்த வெட்டல், 48-ஆம் சுற்றிலும் முன்னணியில் இருந்தார். ஹாமில்டன் அவரை விடாமல் நெருக்கி வந்தார். மூன்றாம் வளைவு வலப்புறம் திரும்புவது. உடனே வரும் நான்காம் வளைவு இடப்புறம் திரும்புவது. மூன்றாம் வளைவில் வெட்டல் பிடி தவறி இடப்புறப் புல்தரைக்குள் போனார். புல்லைக் குறுக்கே கடந்து நான்காம் வளைவில் பாதைக்குத் திரும்பியபோது, அவருடைய கார் வலப்புறச் சுவரை நோக்கி நகர்ந்தது. அந்த இடைவெளியில் நுழைய முயன்ற ஹாமில்டன் மோதலைத் தவிர்க்க பிரேக்கை அழுத்த வேண்டியதாயிற்று. பாதுகாப்பற்ற முறையில் பாதைக்குத் திரும்பினார், மற்றொருவரை ஓரத்துக்கு நெருக்கினார் என்பது நடுவர்களின் தீர்ப்பு.

முன்னாள் உலக வீரர்களே இதில் இரண்டுபட்டார்கள். நைஜல் மான்செல், மரியோ ஆண்ட்ரெட்டி போன்றோர் தீர்ப்பைக் கண்டித்தனர். நிகோ ராஸ்பெர்க் சரியென்றார். ரசிகர்களோ இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டார்கள். ‘வேண்டுமென்றே மறித்தாரா?’ என்பது ஒன்று. ‘வேறு என்ன செய்திருக்க முடியும்?’ என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குப் பதில் ஓட்டுநரின் மனத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது கேள்வி இயற்பியலைச் சேர்ந்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டுக்கும் ஒரே படத்திலிருந்து விடை தேடினார்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த எவரும் இரண்டாவது கேள்வியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். தார்ச்சாலையிலிருந்து ஓரத்து மணலில் இறங்கிவிட்டீர்கள். அங்கே ஹேண்டில்பாரைத் திருப்பினால் சக்கரம் திரும்புகிறதே தவிர, வண்டி நேராகவே போகிறது. டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு, வண்டியைத் திருப்பப் போதவில்லை. அப்படியே திருப்பிய ஹேண்டிலோடு மீண்டும் தார்மேல் ஏறினால் சக்கரம் திடீரெனப் பிடிக்கும். வண்டி வெட்டி இழுக்கும். பந்தயக் காரின் டயரிலோ கோடுகளும் பள்ளங்களும் கிடையா, வழவழப்பானது. உலர்ந்த, சூடேறிய பாதையில் அது பசைபோல் ஒட்டும். புல்லின் மேல் ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவாது. புல்லும் புழுதியும் ஒட்டிய டயரோடு பாதையில் ஏறிய கார், பின்பக்கம் சறுக்கும். சறுக்கினால் எந்தப் பக்கம் பின்பகுதி போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இல்லையேல் கார் சுழன்றுவிடும். வெட்டலின் கார் இடப்புறம் திரும்பும் வளைவில் இருந்தது. பின்பகுதி வலப்புறம் சறுக்கியது. ஆகவே வலப்புறம் திருப்பினார். வலப்புறத்தில்தான் ஹாமில்டன் இருந்தார்!

இதுவரை ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை என்றே சொல்லலாம். சறுக்கல் அடங்கிய பிறகு என்ன நடந்தது என்பதில்தான் வழக்கு. பிடி திரும்பிய உடனே அவர் இடப்புறம் ஒதுங்கியிருக்கலாம், ஆனால் காரைச் சுவர்ப் பக்கமே போகவிட்டார் என்பது ஒரு சாராரின் வாதம். படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கை நேராவது தெரிகிறது, தலை கண்ணாடிப் பக்கம் திரும்புகிறது என்றார்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. கணக்குக்காக வேகம் மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். கண்ணில் பட்டது கைக்கு எட்ட மனிதனுக்குச் சுமார் 0.2 விநாடி வேண்டும். அதற்குள் கார் ஐந்தரை மீட்டர் போய்விடும். ஒரு பந்தயக் காரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு விநாடி நிகழ்ச்சியை ஐந்து விநாடியாக இழுத்துக் காட்டினால், பார்ப்பவருக்கு எண்ணிப் பார்க்க ஐந்து விநாடி கிடைக்கிறது. அந்த அவகாசம் ஓட்டுநருக்கும் இருந்ததாக நம் மனம் எடுத்துக்கொள்கிறது. இது வெறும் ஊகமன்று. யூஜின் கருசோ முதலிய மூன்று ஆய்வாளர்கள் 2016-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு கொள்ளையில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் படத்தை மெதுவாகப் பார்த்தவர்கள், இயல்பான வேகத்தில் பார்த்தவர்களைவிட, ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று கூறுவது மிகுந்தது. உண்மையில் கழிந்த நேரத்தைத் திரையில் காட்டியபோது இப்பிழை குறைந்தது, ஆனால் மறையவில்லை.

மெதுவாக ஓடும் படமே பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, இடைவெளி எவ்வளவு என்பவற்றை அறிய அது வேண்டும். ‘என்ன நடந்தது’ என்பதற்கு அது நல்ல சாட்சி. ‘ஏன் செய்தார்’ என்பதற்குப் பொய்ச் சாட்சி.

அப்படியானால் தீர்ப்பு தவறா? அல்ல என்பதே என் கருத்து. விதி ஓட்டுநரின் எண்ணத்தைக் கேட்கவே இல்லை. பாதையை விட்டுப் போனவர், பாதுகாப்பாக இருக்கும்போது மட்டுமே, நிலையான ஆதாயம் பெறாமல், திரும்பி வரலாம் என்பதே அன்றைய விதி. ‘வேறு வழியில்லை’ என்னும் வாதம் வெட்டலைப் பொய்யர் அல்லர் என்று காட்டலாம். திரும்பியது பாதுகாப்பானது என்று காட்டாது. வழியில்லாமற் போனதற்குக் காரணம் மூன்றாம் வளைவில் அவர் செய்த பிழை. அந்த இடத்தில் புல்லுக்குப் பதில் சரளைக் கற்கள் கொட்டியிருந்தால் பல விநாடிகளை இழந்திருப்பார். சுவர் இருந்தால் பந்தயமே முடிந்திருக்கும். அங்கே இருந்த புல்தரையோ குறுக்கு வழிபோல் அவரை அடுத்த வளைவில் கொண்டுபோய் விட்டது. பிழைக்கு உரிய விலையை நிலம் வாங்கவில்லை, நடுவர்கள் வாங்கினார்கள்.

விலை ஐந்து விநாடியாக இருந்ததுதான் விசித்திரம். அதே ஆண்டு மே 26-இல் மொனாக்கோவில், மாக்ஸ் வெர்ஸ்டாப்பனை அவருடைய குழுவினர் டயர் மாற்றியபின் மற்றொரு கார் வரும் வழியில் விட்டுவிட்டார்கள். அதற்கும் ஐந்து விநாடிதான். இரண்டாவதாக வந்தவர் நான்காம் இடத்துக்கு இறங்கினார். ஜூன் 23-இல் பிரான்சில் டேனியல் ரிக்கியார்டோவுக்குக் கடைசிச் சுற்றில் இரண்டு தவறுகளுக்காக ஐந்தும் ஐந்தும் விதித்தார்கள்; ஏழாம் இடம் பதினோராம் இடமாகி, அவருக்கு ஒரு புள்ளியும் இல்லை. வெட்டல் இழந்தது 7 புள்ளி. தவறின் அளவு எப்படியிருந்தாலும் அபராதம் ஒன்றே. அதன் வலி, பின்னால் எவர் எவ்வளவு நெருக்கத்தில் வருகிறார் என்பதைப் பொறுத்தது. கனடாவிலேயே மூன்றாவதாக வந்த லெக்லெர், கணக்கு முடிந்தபோது வெட்டலுக்கு 1.038 விநாடி மட்டுமே பின்னால் இருந்தார். ரசிகர்கள் இந்த ஐந்து விநாடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நியாயம் பேசியது, ஒரே படிக்கல்லால் அரிசியையும் தங்கத்தையும் நிறுத்து விலை பேசியதுபோல் இருந்தது.

ஃபெராரி நிறுவனம் கோரிய மறு ஆய்வு ஜூன் 21-இல் விசாரணைக்கு வந்தது. அவர்கள் கொடுத்த சான்றுகளில் ஒன்று நமக்கு அறிமுகமான ஒருவருடையது. சென்னையைச் சேர்ந்த முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் கருண் சந்தோக், தொலைக்காட்சியில் அந்த நிகழ்ச்சியை அலசிக் காட்டிய படம் அது. நடுவர்கள் அது புதியதுதான், ஆனால் மூன்றாமவர் ஒருவரின் கருத்து என்று ஒதுக்கினார்கள். பலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆயினும் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அலசல் எவ்வளவு நேர்த்தியாயினும் அது புதிதாக எதையும் அளக்கவில்லை. அளந்தவை காரில் இருந்த முடுக்கமானி முதலிய கருவிகள். அவற்றின் எண்களையும் ஃபெராரி கொடுத்திருந்தது. அவை தீர்ப்புக்கு முன்பே கையில் இருந்தவை, ஆகவே புதிய சான்று ஆகமாட்டா என்று அவையும் தள்ளப்பட்டன. வழக்கு மறுபடி திறக்கப்படவே இல்லை.